பண்ணைக் கடலோரத்தில் குழுவாகப் பறவை பார்க்க ஒருநாள்: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாண நகரின் பண்ணைச் சந்தியிலிருந்து, வேலணை முதலிய தீவுகளைக் கொண்ட தீவகத்துக்குச் செல்லும் வீதி, நகரத்துக் கட்டடங்கள் முடியும் இடத்திலேயே கடனீரேரிக்குள் இறங்கிவிடுகிறது. பஸ் நிலையத்திலிருந்து சில நிமிடத் தூரத்தில் வாத்துகளையும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களையும், தண்ணீருக்கு மேலே பறக்கும் ஆலாக்களையும், நாரைகளையும் ஒரே காலையில் பார்க்கக்கூடிய இந்த வீதியை மையமாக வைத்து, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்றை விடியற்காலையில் கூட்டிச்சென்று மாலையில் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகக் கூறுகிறது.

புதிதாக ஒழுங்கு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஆட்களைச் சேர்க்கிறார்கள், அடுத்து வாடகை வான் வாகனத்தைப் பேசுகிறார்கள், கடைசியில்தான் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த ஒழுங்கு தலைகீழானது. வெயிலும் தண்ணீரும் காற்றும் எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. நிற்கும் இடம் எத்தனை பேர் வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வாகனம் அதற்குப் பிறகுதான்.

1. பருவத்தையும் நாளையும் தெரிவு செய்தல்

வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் ஆவணி, புரட்டாதியில் வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இலங்கை இருப்பதால், அவற்றில் பல இதற்கு அப்பால் செல்வதில்லை. இங்கேயே மாதக்கணக்கில் தங்கி இரை தேடுகின்றன.

ஆனால் இந்த மாதங்கள் எல்லாம் குழுப் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்வதால் கடனீரேரி நிரம்பியிருக்கும். அப்போது வாத்துகள் மிதக்கும். குட்டைக்கால் உள்ளான்களுக்கோ கால் வைக்கச் சேறு இருக்காது. தை நடுப்பகுதியிலிருந்து தண்ணீர் வற்றத் தொடங்கி, மாசியில் கரையோரம் அகன்ற சேற்றுத்திடல்கள் வெளிப்படும். முதன்முறை வருபவர்களுக்கு மாசி மாதமே மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து.

எமது கடனீரேரியில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. என்றாலும் கரை மிகத் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் தண்ணீர் குறைந்தாலே பெரிய பரப்பு சேறாகிவிடும். அட்டவணையை நம்பி இருப்பதைவிட, முதல்நாள் பண்ணையில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் மீன்பிடித் தொழிலாளர் ஒருவரிடம், நாளைக் காலையில் தண்ணீர் வற்றா பெருக்கா என்று கேட்பது நம்பகமானது.

கிழமையும் முக்கியம். வேலை நாட்களில் தீவகத்துக்குக் கடமைக்குச் செல்லும் அரச ஊழியர்களின் வாகனங்கள் காலையில் வரிசையாக ஓடும். போயா (பௌர்ணமி) நாட்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் நயினாதீவுக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பஸ்கள் குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி இதே வீதியால்தான் போகும். போயா வராத ஒரு சனிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள்.

சுண்டிக்குளத்தையே முதற் பயணமாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அந்த இடம் பறவைகளால் நிறைந்ததுதான். ஆனால் தூரம், மணற்பாதை, வனஜீவராசிகள் திணைக்களத்துடன் முன்கூட்டியே பேச வேண்டிய தேவை ஆகியவை சேர்ந்து, தொலைநோக்கி பிடிக்கவே இன்னும் பழகாத குழுவைக் களைப்படையச் செய்துவிடும். அது இரண்டாவது அல்லது மூன்றாவது பயணத்துக்கு உரியது.

2. வழியை முன்கூட்டியே போய்ப் பார்த்தல்

பயணத்துக்கு முந்திய வாரத்தில், குழு அங்கே நிற்கப்போகும் அதே நேரத்தில், ஒழுங்கு செய்பவர் மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை போய்வர வேண்டும். பின்னேரம் பார்த்த இடம் காலையில் முற்றிலும் வேறாக இருக்கும் என்பதால், நேரம் மாறிப் பார்ப்பதில் பயன் இல்லை.

போகும்போது நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, வாகனத்தை வீதியிலிருந்து முற்றாக விலக்கி நிறுத்தக்கூடிய இடங்கள். கடனீரேரியைக் கடக்கும் இந்த வீதியாகிய பண்ணைப் பாலத்தின் ஓரம் ஒடுக்கமானது, அதில் வேகமாக வரும் வாகனங்களும் அதிகம். இரண்டாவது, பறவைகள் அன்று எந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் மேய்கின்றன என்பது.

மூன்றாவது, மலசலகூட வசதி. பாலத்தில் எதுவும் இல்லை. நகரத்தை விட்டுப் புறப்படும்போது ஒன்று, தீவுப்பக்கத்தில் ஒன்று என இரண்டையாவது உறுதி செய்ய வேண்டும். ஒரு பாடசாலை அதிபரிடமோ சனசமூக நிலையத்தாரிடமோ முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பன்னிரண்டு பேருடன் திடீரென்று படலையைத் தட்டினால்தான் சங்கடம். பெண்களும் முதியவர்களும் வரும் குழுவில் இந்த ஒன்றைத் தவறவிட்டால், பத்து மணிக்கே பயணம் முடிந்துவிடும்.

நான்காவது, கடற்படை முகாம்களும் காவலரண்களும் இருக்கும் இடங்கள். நீண்ட வில்லை பூட்டிய கமெராவை அவற்றின் திசையில் உயர்த்துவது தேவையற்ற விசாரணையை வரவழைக்கும். அந்தப் பகுதிகளில் நிற்பதில்லை என்று முதலிலேயே தீர்மானியுங்கள். கிராம சேவையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது.

ஆனையிறவு, முகமாலை, நாகர்கோவில் பக்கமாகப் பயணத்தை விரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான குறிப்பு: மிதிவெடி எச்சரிக்கைப் பலகை அல்லது நாடா கட்டிய எந்த நிலத்துக்குள்ளும், பழகிய பாதையை விட்டு விலகிய எந்தப் பற்றைக்குள்ளும் ஒருவரும் கால் வைக்கக்கூடாது.

3. குழுவின் அளவும் பொறுப்புகளும்

ஒரு வழிகாட்டியின் குரல், கத்தாமல், ஆறேழு பேருக்குத்தான் கேட்கும். ஆகவே பன்னிரண்டு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். இருபது பேரைத் தாண்டினால் பயணத்தை இரண்டு நாட்களாகப் பிரியுங்கள். கூட்டம் கூடக் கூட, ஒவ்வொருவரும் பறவையைப் பார்க்கும் நேரம் குறைந்து, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கும் நேரம் கூடும்.

பறவை காட்டுபவர், பதிவு எழுதுபவர், நேரமும் வீதியும் கவனிப்பவர் என மூன்று பொறுப்புகளை மூன்று வெவ்வேறு ஆட்களிடம் கொடுங்கள். பறவை காட்டுபவரே வாகனத்தையும் கவனித்தால், அவர் கண் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பிள்ளை வீதியின் நடுவில் நிற்கும். மாணவர்கள் வந்தால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் அதிபரின் அனுமதியும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

4. தொலைநோக்கியை வீட்டிலேயே சரிசெய்தல்

தொலைநோக்கியில் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெருப்பிக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர் என்பது பொருள். புதியவர்களுக்கு எட்டு மடங்கே போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பார்வைப் பரப்பும் ஒடுங்கும். பறவையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். கடனீரேரியில் பறவைகள் தொலைவில் மேய்வதால், குழுவுக்கு முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றாவது இருந்தால் நல்லது.

இரவல் வாங்கிய தொலைநோக்கியைப் பாலத்தில் இறங்கிய பிறகு முதன்முதலாகக் கண்ணில் வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. முதல்நாள் மாலையில் வீட்டு முற்றத்தில் நின்று இதைச் செய்ய வேண்டும்: இரு குழல்களையும் மடித்து விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும் அகலத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்மூடிகளை (கண் வைக்கும் இடத்து வளையங்களை) உள்ளே தள்ளிவிட வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி, ஒரு பனையோலையின் நுனியை இடக்கண்ணால் பார்த்து நடுச்சில்லால் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலக்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே ஓலையைத் தெளிவாக்குங்கள். இரு கண்களின் பார்வை வேறுபாடு அந்த வளையத்தால் ஈடுசெய்யப்படுகிறது. அதன்பின் நாள் முழுவதும் நடுச்சில்லை மட்டும் திருப்பினால் போதும்.

பறவையைத் தொலைநோக்கிக்குள் பிடிப்பதற்கும் பழக்கம் வேண்டும். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பறவையைத் தேடக்கூடாது. முற்றத்து முருங்கையில் சத்தமிடும் புலுனிக் கூட்டத்தில் பத்து நிமிடம் பழகியவர், மறுநாள் பறக்கும் ஆலாவையும் பிடித்துவிடுவார்.

5. கொண்டுபோக வேண்டியவை

வெள்ளையும் கடுஞ்சிவப்பும் தவிர்ந்த மங்கிய நிற உடை, அகன்ற தொப்பி, மூடிய சப்பாத்து. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். பாலத்தில் நிழல் என்பதே இல்லை. காலைச் சாப்பாடு கையைக் கழுவாமல் உண்ணக்கூடியதாக இருக்கட்டும்: பாண், வாழைப்பழம், அவித்த கடலை போன்றவை. புட்டும் சம்பலும் மதியத்துக்கு இருக்கட்டும். லஞ்ச் சீற்றும் பொலித்தீன் பையும் காற்றில் பறந்து நேரே தண்ணீருக்குள் போகும் என்பதால், சாப்பாட்டுப் பெட்டியையே கட்டாயமாக்குங்கள்.

கைத்தொலைபேசியில் பறவை இனங்காணும் செயலியைப் பாவிப்பவர்கள் எமது பிராந்தியத்துக்குரிய பறவைத் தொகுதியை வீட்டிலேயே இறக்கிவைக்க வேண்டும். பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் பழக்கத்துக்கு இந்தப் பயணத்தில் இடம் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

6. காலை: பாலத்தின் வலப்பக்கம்

தை, மாசியில் சூரியன் காலை 6.30 அளவில் உதிக்கும். 5.30க்குக் கூடி, 6 மணிக்குப் புறப்பட்டு, வெளிச்சம் வரும்போது முதல் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஏழு மணிக்குப் பிந்திய எந்தத் தொடக்கமும் நாளின் சிறந்த பகுதியை இழந்த தொடக்கமே.

நகரத்திலிருந்து போகும்போது வலப்பக்கம், அதாவது கல்லுண்டாய், அராலி இருக்கும் வடமேற்குத் திசை, காலைப் பார்வைக்கு உரியது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம், காலின் நிறம், அலகின் நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் திரும்பினால் அதே பறவை வெறும் கரிய உருவமாக நிற்கும். புதியவர்கள் அதிகப் பறவை இருக்கும் பக்கத்துக்கு ஓடுகிறார்கள். அதிக வெளிச்சம் விழும் பக்கத்தில் உள்ள ஐந்து பறவைகளே அவர்களுக்கு அதிகம் கற்பிக்கும்.

வானிலிருந்து எல்லோரும் ஒரே பக்கக் கதவால் இறங்கி, வீதியைக் கடக்காமல், ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கதவை அடித்துச் சாத்தக்கூடாது. இறங்கிய முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் கை நீட்டக்கூடாது, தொலைநோக்கியையும் உயர்த்தக்கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் பறவைகள் மீண்டும் இரைதேடத் தொடங்கும். எங்கே கூட்டம், எங்கே தனிப்பறவை, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பது வெறுங்கண்ணுக்கே பிடிபடும்.

நெருங்கும் தூரத்தை மீற்றரில் சொல்வது கடினம், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையை உயர்த்திக் கழுத்தை நீட்டினால், நில்லுங்கள். நடந்து விலகத் தொடங்கினால், இரண்டடி பின்வாங்குங்கள். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால், முழுத் திடலுக்கும் உங்களைக் காட்டிக்கொடுத்தாயிற்று. கூட்டத்தை எழுப்பி அது பறப்பதைப் படமெடுப்பதற்காகக் கல்லெறிபவர்களும் இருக்கிறார்கள். பங்குனியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கவேண்டிய பறவை அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சத்தை நாம் எரித்துவிடுகிறோம். அத்தகையவரை வானுக்குள் இருத்திவிட நான் தயங்குவதில்லை.

7. ஒருவர் கண்டதை எல்லோருக்கும் காட்டுதல்

“அங்கே, அங்கே” என்று விரலை நீட்டுவதால் ஒருவரும் எதையும் பார்ப்பதில்லை. அசையாத ஒன்றில் தொடங்கி, பறவையில் முடியும்படி சொல்லப் பழக வேண்டும். இங்கே அதற்கு, தண்ணீரில் தடி நட்டுக் கட்டும் களங்கட்டி மீன்வலைகளின் தடிகள் கைகொடுக்கின்றன: “இரண்டாவது களங்கட்டி, இடப்பக்க ஓரத் தடி, அதிலிருந்து கரைப்பக்கமாக ஒரு தடி இடைவெளி, தண்ணீரின் விளிம்பில்” என்றால் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும்.

அந்தத் தடிகளையே ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் பயனுள்ள பயிற்சி. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். ஆலா காற்றுக்கு எதிர்முகமாக இருக்கும். செம்பருந்து உயரமான தடியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வலைக்கோ கடலட்டைப் பண்ணை வேலிக்கோ அருகில் போய்க் கால் வைக்க வேண்டாம். அது ஒருவருடைய சீவியம்.

முக்காலித் தொலைநோக்கியில் முதலில் வழிகாட்டி, அடுத்து உயரத்தில் குறைந்தவர், கடைசியில் உயரமானவர் என்று வரிசை வையுங்கள். இதனால் முக்காலியின் உயரத்தை ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றி, பறவையைத் தவறவிடும் தொல்லை குறையும். குழலைக் கையால் பிடிக்காமல் கண்ணை மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

8. இனங்காணல்: கொக்கில் தொடங்குதல்

எல்லோரும் பூநாரையைக் கேட்பார்கள். அது வரும், வராமலும் போகும். அதை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு, கரையோரத்தில் நிச்சயம் நிற்கும் வெள்ளைக் கொக்குகளே சிறந்தவை.

“எல்லாம் கொக்குத்தானே” என்று சொல்பவரை ஒரு சின்னக் கொக்கின் முன்னால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு. அது ஒரு காலைச் சேற்றிலிருந்து தூக்கும் கணத்தில் விரல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரியும். அந்த விரல்களை ஆழமற்ற தண்ணீரில் நடுநடுங்க ஆட்டி, கலங்கி வெளியே பாயும் மீனைக் கொத்தும். பெரிய கொக்கில் வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். கழுத்து முறிந்ததுபோல் ஒரு கோணம் தெரியும். நடுத்தரக் கொக்கில் அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். கட்டைக் கழுத்தும் கட்டை மஞ்சள் அலகுமாக மாடுகளுடன் திரிவது உண்ணிக்கொக்கு.

இந்த நான்கையும் பிரித்தறிந்தவர்களுக்கு, அலகு, கால், நடத்தை என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகே சேற்றுப் பறவைகளுக்குப் போங்கள். அங்கே நிறத்தைவிட நடத்தை உதவும்: உப்புக்கொத்தி சில அடி ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்தி, மறுபடி ஓடும்; கொசு உள்ளான் நிற்காமல் கொத்திக்கொண்டே நகரும். மெல்லிய நீண்ட இளஞ்சிவப்புக் காலும் கறுப்புச் சிறகும் நெடுங்கால் உள்ளானுக்கு. செம்மஞ்சள் காலுடன் பழுப்பு உடலாக இருந்து, எழும்பும்போது சிறகின் பின்விளிம்பில் வெள்ளை காட்டுவது பவளக்காலி. கரண்டிவாயன் பாதி திறந்த அலகை இருபக்கமும் வீசித் தண்ணீரை அரித்துக்கொண்டு நடக்கும். அதை ஒருவரும் தவறவிடமாட்டார்கள்.

தெரியாத பறவைக்கு உடனே பெயர் வைக்காதீர்கள். “உள்ளான், இனம் தெரியாது” என்ற பதிவு, தவறான பெயரைவிடப் பெறுமதியானது.

9. எண்ணுதலும் எழுதுதலும்

கூட்டம் தரையில் இருக்கும்போதே எண்ண வேண்டும். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவால் முழுக் கூட்டத்தையும் அளந்து செல்லுங்கள். இருவர் தனித்தனியே எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் எண்ணிக்கையை உரக்கச் சொன்னால் மற்றவருடைய எண்ணிக்கையும் அதனுடன் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிப்பக்கம்: இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பார்த்தவர் தொகை, காற்று, தண்ணீரின் நிலை. நாள் முழுவதையும் ஒரே பட்டியலில் கலந்தால், எந்தப் பறவை எந்தச் சேற்றில் நின்றது என்பது பிறகு ஒருவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்குகொள்ள விரும்புபவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

10. நடுப்பகல்

பத்து மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே கானல் எழும்பும். முக்காலித் தொலைநோக்கியில் பறவைகள் நெளிந்து உருகுவதுபோல் தெரியும். எந்த விலைக்கு வாங்கிய வில்லையாலும் அதைத் திருத்த முடியாது. அந்த நேரத்தில் பாலத்தில் நிற்பது ஆட்களைக் களைப்பாக்குமே தவிர வேறு பயன் இல்லை.

அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கமாகப் போய், பனங்கூடலிலும் வயலோரத்திலும் அருகில் தெரியும் பறவைகளைப் பாருங்கள்: இரட்டைவால் குருவி, செம்பகம், மீன்கொத்தி, பற்றைக்குள் ஒலிக்கும் கௌதாரி. இரட்டைவால் குருவியும் கௌதாரியும் எமக்கு வேலிக்கரைப் பறவைகள். தெற்கிலிருந்து வரும் பறவை நோக்காளர்களோ இவற்றைத் தேடியே வடக்குக்கு வருகிறார்கள். மதியச் சாப்பாட்டையும் ஓய்வையும் சாட்டிக் கடற்கரையில் வைக்கலாம்.

11. மாலை: அதே பாலத்தின் மறுபக்கம்

3.30க்குத் திரும்புங்கள். இப்போது சூரியன் மேற்கில் இருப்பதால், காலையில் தவிர்த்த தென்கிழக்குப் பக்கம் வெளிச்சத்தில் இருக்கும். நகரத்துக்குத் திரும்பும்போது அது வலப்பக்கமாகவே வரும். ஆகவே இறங்கும் ஒழுங்கும் வீதியைக் கடக்காத விதியும் அப்படியே பொருந்தும். ஒரே வீதியை இரண்டு வெளிச்சத்தில் பயன்படுத்துவதால், பல இடங்களுக்கு ஓடி எரிபொருளையும் நேரத்தையும் செலவழிக்கத் தேவையில்லை.

வாடைக்காற்று பலமாக வீசினால் பாலத்தில் முக்காலி நடுங்கும். அப்படியான நாளில் நகரத்துக்கு நேரே வந்து, கல்லுண்டாய் வெளிப் பக்கம் ஒரு நிறுத்தம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வானின் காற்று மறைவில் முக்காலியைத் தாழ்த்தி வைத்தால் ஓரளவு பார்க்கலாம்.

இருட்டுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே பாலத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். பறவைகள் தங்குமிடத்துக்குக் கூட்டங்கூட்டமாகப் போகும் நேரம் அதுதான் என்று சிலர் வாதாடுவார்கள். அது உண்மை, ஆனால் விளக்கில்லாமல் வரும் சைக்கிளும் வேகமாக வரும் வானும் ஒன்றுசேரும் நேரமும் அதுவே. பண்ணையில் இறங்கிக் கரையில் நின்று அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம்.

12. அன்றிரவே முடிக்கவேண்டியவை

பண்ணையில் கலைவதற்கு முன் பட்டியலை உரக்க வாசித்து, சந்தேகமான பெயர்களை எல்லோர் முன்னிலையிலும் நீக்குங்கள். மறுநாள் ஆறுதலாகச் செய்வோம் என்று விட்டால், நினைவும் படமும் குழம்பி, “பார்த்திருப்போம்” என்ற பறவைகள் பட்டியலில் கூடிவிடும். கோர்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிபவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனிப் பட்டியலாகவே இடவேண்டும். தெரிந்த பறவைகளை மட்டும் தெரிந்தெடுத்து இட்டால் அதை முழுமையான பட்டியல் என்று குறிக்கக்கூடாது.

கூடோ முட்டையோ கண்ட இடத்தை முகநூலில் இடத்துடன் போடவேண்டாம் என்று குழுவிடம் தெளிவாகக் கூறுங்கள். ஆட்காட்டி போன்றவை வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. படம் பார்த்து வருபவரின் காலுக்கு அது தெரியாது. மலசலகூடம் தந்த பாடசாலைக்கும் தண்ணீரின் நிலை சொன்ன தொழிலாளருக்கும் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை கேட்கப்போகும்போது உங்களை யாரென்று சொல்லத் தேவைப்படாது.